கணக்கும் கூலிக்காரர் பிள்ளைகளும்

நாற்பதாம் நம்பர் நூலுக்கும் அறுபதாம் நம்பர் நூலுக்கும் என்ன வித்தியாசம் என்று ஸ்பின்னிங் இலாகாவில் வேலை செய்யும் எந்தத் தோழரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். ஒரு ராத்தல் நூலில் 840 கெஜச் சிட்டம் 40 இருந்தால் அது நாற்பதாம் நம்பர். 60 இருந்தால் அறுபதாம் நம்பர். நாற்பதாம் நம்பர் நூல் ஒரு ராத்தலை நீட்டிப் போட்டால் 33,600 கெஜம் போகும். இதையெல்லாம் அவர் எந்தப் புஸ்தகத்திலும் படித்ததில்லை. அறுந்த இழையை ஒட்டி ஒட்டி, விரல் நுனியில் படித்தார்.

அப்படிப்பட்ட ஒரு தோழர், கோவைப் பக்கத்து மில் ஒன்றில் இருபது வருஷ சர்வீஸ் உள்ளவர், சென்ற வருஷம் ஆடி மாதத்தில் ஒரு சாயந்திரம் தம் மகளின் பரீட்சைப் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். பெண் ஏழாம் வகுப்பு. பாடம், எதிர் விகிதம். இருபத்தைந்துக்கு மூன்று மார்க்.

"நமக்குத்தான் கணக்கு வராது தோழர். இவளுக்கும் அதே ரத்தம்தானே" என்றார்.

நாம் திகைத்துப் போனோம். எதிர் விகிதம் என்றால் என்ன? ஒன்று ஏறினால் மற்றது இறங்குவது. இரண்டையும் பெருக்கினால் எப்போதும் ஒரே தொகை வருவது. நம்பர் ஏறினால் நூலின் கனம் குறைகிறதே, அதேதான்! அந்த மனிதர் இருபது வருஷமாக நாளுக்கு எட்டு மணி நேரம் எதிர் விகிதத்தோடுதான் மல்லாடிக்கொண்டிருக்கிறார். அவர் வாயிலிருந்தே வருகிறது, "நமக்குக் கணக்கு வராது" என்று. இந்தச் சொல்லை அவர் வாயில் வைத்தது யார்?

தோழர்களே, இது ஒரு வீட்டுக் கதையல்ல. கிராமங்களில் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்கும் ஏசர் அறிக்கையின் 2024-ஆம் வருஷக் கணக்குப்படி, இந்திய கிராமப்புறத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு சுமார் 31 பேர்தான். மீதிப் பேர் யாருடைய பிள்ளைகள்? மிராசுதார் வீட்டுப் பிள்ளையும் மானேஜர் வீட்டுப் பிள்ளையும் அந்த மீதியில் அதிகம் இருக்கமாட்டார்கள். இருந்தாலும் டியூஷன் வைத்துக் கரையேற்றிவிடுவார்கள். பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறி, பனியன் கம்பெனிக்கும் செங்கல் சூளைக்கும் போகிற பிள்ளை நம்முடையது.

நம் பிள்ளைகளுக்கு மூளை இல்லை என்று சொல்பவர்களுக்குப் பதில் இருக்கிறது. பிரேஸில் நாட்டில் ரெசிஃபே என்று ஒரு துறைமுக நகரம். அங்கே தெருவில் தேங்காயும் பழமும் விற்கும் ஐந்து ஏழைப் பிள்ளைகளிடம் கரஹர், ஷ்லீமன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் வாடிக்கைக்காரர்கள் போலப் போய் விலை கேட்டார்கள். என்ன கேட்டாலும் பிள்ளைகள் வாயாலேயே கணக்குச் சொன்னார்கள். 100-க்கு 98 சரி. பிறகு அதே மாதிரிக் கணக்குகளைக் காகிதத்தில் வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தார்கள். 100-க்கு 37-தான் சரி! 1985-இல் இதை வெளியிட்டார்கள். அதில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன். ஒரு தேங்காய் 35 என்றால் 10 தேங்காய் என்ன விலை என்று கேட்டபோது, ஒரு பூஜ்யம் சேர்த்தால் தீர்ந்தது என்று அவன் போகவில்லை. மூன்று காய் 105. இன்னும் மூன்று, 210. இன்னும் மூன்று, 315. பாக்கி ஒன்று, ஆக 350 என்று அடுக்கினான். நம் சந்தையில் கீரை விற்கும் அம்மாளும் இப்படித்தான் அடுக்குகிறாள்.

ரெசிஃபே தூரமாகத் தெரிந்தால் நம் நாட்டுக்கே வருவோம். பொருளாதாரத்தில் 2019-இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் வேறு சிலரோடு சேர்ந்து கல்கத்தா, டில்லிக் கடைவீதிகளில் வேலை செய்யும் 1,400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்தார்கள். 2025-இல் அது வெளிவந்தது. அதிலும் அதே முடிவு: கடையில் சளைக்காமல் கணக்குப் போடும் பிள்ளை பள்ளிக்கூடத்துக் கணக்கில் தடுமாறுகிறது. அதைவிட முக்கியமான விஷயம் இன்னொன்று. கடைவேலை பார்க்காமல் பள்ளியில் மட்டும் படிக்கும் பிள்ளைகளிடம் கடைக் கணக்கைக் கொடுத்தால், அவர்கள் திணறுகிறார்கள். ஆக, கோளாறு நம் பிள்ளையின் தலையில் இல்லை. இக்கரையில் கை, அக்கரையில் காகிதம். நடுவே பாலம் போடவில்லை. பாலம் இல்லாததற்கு நீந்தத் தெரியாதவன் மேல் பழியா?

இந்தப் பாலம் நம் ஊர்களில் ஒரு காலத்தில் இருந்தது என்று சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். இருந்தது உண்மைதான். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். அரை, கால், அரைக்கால், வீசம் என்று இறங்கி, 320-இல் ஒரு பங்கான முந்திரி வரைக்கும் பிள்ளைகள் கூவிக் கூவி மனப்பாடம் செய்தார்கள். 'மா' என்றால் இருபதில் ஒன்று. ஒரு வேலி நிலத்துக்கு இருபது மா. எண்ணும் நிலமும் ஒரே பெயரில் நடந்தன. கெட்டிக்கார ஏற்பாடுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தத் திண்ணையில் உட்கார்ந்தது யார்? பண்ணையாளின் பிள்ளை அப்போது மாடு மேய்த்துக்கொண்டிருந்தது. சேரிப் பிள்ளையைத் திண்ணையில் ஏறவே விடவில்லை. களத்து மேட்டில் கணக்குப்பிள்ளை ஏட்டைப் பிரிப்பார். அறுத்தவன் கைகட்டி நிற்பான். கொடுக்க ஒரு மரக்கால், வாங்க ஒரு மரக்கால் என்று ஜனங்கள் சும்மா சொல்லவில்லை. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்பது எல்லாருக்கும் தெரியும். எந்த மரக்கால் என்பதுதான் வழக்கு. கணக்குத் தெரிந்தவன் கையில் அளவு இருந்தது. அந்த நாளை நினைத்து நாம் ஏங்கவேண்டிய அவசியம் இல்லை.

இன்றைக்கு நிலைமை வேறு. கணக்குப் பாடம் சொல்லித் தரும் சாமான்கள் முன் எப்போதும் இல்லாத அளவுக்கு இலவசமாக வந்து குவிந்திருக்கின்றன. இது நம் தோழர்களில் பலருக்குத் தெரியாது. பள்ளிப் புஸ்தகத்தில் கட்டம் கட்டமாகக் கறுப்புப் புள்ளி போட்ட ஒரு சதுரம் அச்சாகியிருக்கிறதே, அது விளம்பரம் என்று நினைத்ததாக ஒரு தோழர் சொன்னார். விளம்பரமல்ல. 2018-இல் சர்க்கார் புதிய பாடப் புஸ்தகங்களைக் கொண்டுவந்தபோது சேர்த்த க்யூ.ஆர். கோடு. செல்போனைக் காட்டினால், 2017-இல் ஆரம்பித்த திக்ஷா என்ற பொது மேடையிலிருந்து அந்தப் பாடத்தின் வீடியோ வரும். கணக்குப் புஸ்தகத்தில் 'இணையச் செயல்பாடு' என்று தனிப் பக்கமே உண்டு. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2023-இல் மணற்கேணி என்ற ஆப் வந்தது. எல்லாப் பாடப் புஸ்தகங்களையும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். வெளிநாட்டு ஏற்பாடுகளும் உண்டு. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில், பௌதிகத்துக்கு நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன் 2002-இல் ஆரம்பித்த ஃபெட் என்பது அதில் ஒன்று. பின்னம், தராசு, வரைபடம் எல்லாவற்றையும் திரையில் பிள்ளையே இழுத்து நகர்த்திப் பார்க்கலாம்; ஒரு தரம் இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும்.

இவ்வளவும் இலவசம் என்கிறார்கள். இலவசம்தான். ஆனால் செல்போன் இலவசமா? மாதா மாதம் ரீசார்ஜ் இலவசமா? வீட்டுக்கு ஒரு போன்; அதுவும் பகல் ஷிப்டில் அப்பாவோடு மில்லுக்குப் போய்விடுகிறது. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடி, ஒன்று முதல் எட்டு வரையுள்ள பிள்ளைகளை 2021 நவம்பரில்தான் நம் மாகாணத்தில் திரும்பக் கூப்பிட்டார்கள். அந்த இருபது மாதத்தில் போன் உள்ள வீட்டுப் பிள்ளையும் இல்லாத வீட்டுப் பிள்ளையும் எவ்வளவு தூரம் பிரிந்து போனார்கள் என்பதைக் கண்ணால் கண்டவர்கள் நாம்.

இந்த இடத்தில் நாம் ஒரு சுயவிமர்சனம் செய்துகொள்ளவேண்டும். பள்ளிகள் திறந்த பிறகு, "நம் பிள்ளைகளுக்கும் கருவி வேண்டும்" என்று நம் கிளையில் தீர்மானம் போட்டு, முப்பது சொச்சம் தோழர்களிடம் வசூல் செய்து, படிப்பகத்துக்கு ஒரு டாப்லெட் வாங்கினோம். திறப்பு விழாகூட நடத்தினோம்; நாமே பேசினோம். முதல் வாரம் பிள்ளைகள் கணக்கு வீடியோ பார்த்தார்கள். வாத்தியார் பேசுவார், பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள், புரிந்ததா என்று கேட்க அதில் ஆள் இல்லை. இரண்டாம் வாரம் பொம்மைப் படம் ஓடியது. மூன்றாம் மாதம் கண்ணாடி விரிசல் விட்டது. ரிப்பேருக்குக் கேட்ட பணத்தைக் கேட்டதும் டாப்லெட்டை பீரோவில் வைத்துப் பூட்டினோம். கூலிக்காரரின் காசு அது. யாரும் நம்மைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் தேவலை. தவறு எங்கே? கருவியை வாங்கினோம், கூட உட்கார ஆளை ஏற்பாடு செய்யவில்லை. பிள்ளையின் கைக்கு வேலை எதுவும் கொடுக்கவில்லை.

அந்த மில் தோழர் பேப்பரோடு வந்த பிறகுதான் மறுபடி ஆரம்பித்தோம். இந்தத் தடவை தீக்குச்சியும் வால்டியூபும் வைத்து.

வால்டியூப் யோசனை நம்முடையதல்ல. அரவிந்த் குப்தா என்று ஒருவர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் இஞ்சினீரிங் படித்து, புனாவில் லாரித் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்தவர். மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் ஜில்லாவில் 1972 முதல் 16 கிராமப் பள்ளிகளில் கையால் செய்து படிக்கும் விஞ்ஞானப் பாடம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. 1978-இல் லீவு போட்டுவிட்டு அங்கே போனார். கிராமத்துச் சந்தையில் கிடைக்கும் சாமானைக் கொண்டே பாடம் நடத்தவேண்டும் என்று பார்த்தபோது, சைக்கிள் வால்டியூபின் ஓட்டையும் தீக்குச்சியின் தடிமனும் ஜோடியாகப் பொருந்துவதைக் கண்டார். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. தீக்குச்சிப் பொம்மைகளைப் பற்றி அவர் எழுதிய சிறு புஸ்தகம் 1987-இல் வெளிவந்தது. பல மொழிகளுக்குப் போயிற்று. இன்றைக்கு அவருடைய இணையத் தளத்தில் நூற்றுக்கணக்கான பொம்மைகளின் செய்முறையும் ஏராளமான புஸ்தகங்களும் காசு கேட்காமல், பெயர் கேட்காமல் கிடைக்கின்றன. 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்த ஹோஷங்காபாத் பாடத்தையோ 2002-இல் அங்கிருந்த சர்க்கார் நிறுத்திவிட்டது. மனிதருக்குப் பட்டம், வேலைக்குப் பூட்டு. நம் நாட்டில் இது புதிதல்ல.

சைக்கிள் கடைத் தோழர் ஒரு முழ வால்டியூபை இனாமாகக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் படிப்பகத்தில் பதினாறு பிள்ளைகள். மருந்தைச் சுரண்டிய தீக்குச்சிகள். வால்டியூபை விரற்கடை அளவுக்குத் துண்டு போட்டு, இரண்டு பக்கமும் குச்சியைச் செருகினால் மூட்டு தயார். மூன்று குச்சி, மூன்று மூட்டு, ஒரு முக்கோணம். நான்கு குச்சி, நான்கு மூட்டு, ஒரு சதுரம். சதுரத்தை விரலால் தள்ளினால் சாய்ந்து படுத்துவிட்டது. முக்கோணத்தை எப்படித் தள்ளினாலும் அசையவில்லை. பிள்ளைகள் ஒருவர் மாற்றி ஒருவர் தள்ளிப் பார்த்தார்கள். பின்னால் நின்ற ஒரு தோழர், "அடேயப்பா, அதனாலதான் எங்க ஷெட்டுக் கூரைக்கு இரும்பை முக்கோணம் முக்கோணமாப் போட்டிருக்கான்!" என்று கத்தினார். முப்பது வருஷமாக அந்தக் கூரைக்குக் கீழே நின்றவர் அவர்.

பிறகு நடந்ததுதான் நாம் எதிர்பாராதது. சாய்கிற சதுரத்தை நிறுத்த வழி என்ன என்று கேட்டோம். குறுக்கே ஒரு குச்சி கொடுத்தால் நிற்கும் என்று ஒரு பையன் சொன்னான். கருவேல முள்ளால் மூட்டில் ஓட்டை போட்டுக் குச்சியைக் குறுக்கே வைத்தான், எட்டவில்லை. இரண்டு குச்சி வைத்தான்; மிஞ்சியது. "ஒன்று போதவில்லை, இரண்டு ஜாஸ்தி. அப்படியானால் எவ்வளவு?" துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி உருவி, உடைத்து உடைத்து வைத்துப் பார்த்தான். ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவு என்றான். ஸ்கேலை வைத்து அளந்தால் ஒரு குச்சிக்கு 1.4 பங்கு. பெரிய வகுப்பில் இரண்டின் வர்க்கமூலம் என்று எழுதி, பரீட்சையில் பயமுறுத்தும் சமாச்சாரம் அதுதான். அந்த எண் எங்கும் முடிவதில்லை, எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் பாக்கி இருந்துகொண்டே இருக்கும் என்று சொன்னபோது அந்தப் பையன் நம்மை நம்பவில்லை. நம்பாததே நல்லது. அவன் வாத்தியாரிடம் போய்க் கேட்டிருக்கிறான்.

இன்னொரு வாரம் வளையல். வளையலைச் சுற்றி நூல் வைத்து அளந்து, குறுக்களவால் வகுத்தால் எந்த வளையலுக்கும் மூன்றும் கொச்சமும் வரவேண்டும். ஒருத்திக்கு 3.1, ஒருத்திக்கு 3.2. ஒரு பையனுக்கு மட்டும் 3.6! கணக்கு தப்பு என்று மற்றவர்கள் சிரித்தார்கள். தப்பு கணக்கில் இல்லை. தடித்த பிளாஸ்டிக் வளையல் அது. வெளியே சுற்றி அளந்தவன், குறுக்களவை உள்ளே அளந்திருக்கிறான். அதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணி நேரம்தான் அன்றைய பாடம். பள்ளிக்கூடத்தில் அந்த அரை மணி நேரத்தை எந்த வாத்தியார் கொடுக்க முடியும்?

மில் தோழரின் மகளுக்கு 36 புளியங்கொட்டைகள். இரண்டு வரிசையாக அடுக்கு, வரிசைக்கு 18. மூன்று வரிசை, 12. நான்கு வரிசை, 9. ஆறு வரிசை, 6. வரிசை ஏறினால் கொட்டை இறங்குகிறது; பெருக்கினால் எப்போதும் 36. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "அட, ராத்தல் ஒண்ணுதான், நம்பர் ஏறினா கனம் இறங்குது!" என்றார். அப்புறம் மகளுக்கு அவரே நூல் கணக்கைச் சொல்லிக்கொடுத்தார். அவள் அதைப் புஸ்தகத்துப் பாஷையில் எழுதினாள். அடுத்த பரீட்சையில் பதினொன்று வாங்கினாள். பிரமாதம் என்று சொல்லமாட்டோம். ஆனால் அந்தத் தோழர் ரத்தத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

அப்படியானால் செல்போனே வேண்டாமா? அப்படி நாம் சொல்லவில்லை. காகித முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கிழித்து ஒன்றாக ஒட்டினால் நேர்கோடு வரும். அதாவது 180 பாகை. பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றாகக் கிழித்துப் பார்த்தார்கள். பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவர் தம் போனில் ஜியோஜீப்ரா என்பதைத் திறந்து காட்டினார். முக்கோணத்தின் முனையை விரலால் இழுக்க, கோணங்கள் மூன்றும் மாறிக்கொண்டே போயின. கூட்டல் மட்டும் 180-லேயே நின்றது. "நாம பதினாறு கிழிச்சோம், இதுல ஆயிரம் பாக்கலாம்" என்றாள் ஒரு சிறுமி. சரியாகச் சொன்னாள். கை முதலில், பிறகு திரை. கை படாமல் திரையை மட்டும் பார்த்த பிள்ளைக்கு அது இன்னொரு பொம்மைப் படம். ஆயிரம் முக்கோணம் பார்த்தாலும் ஆயிரத்து ஒன்றாவது எப்படியிருக்கும் என்று கேட்டால், அதற்குத் திரையும் பதில் சொல்லாது. இணைகோடு ஒன்றைப் போட்டு, ஏன் எப்போதும் 180 என்று நிரூபித்துக் காட்ட வாத்தியாரும் சாக்பீஸும்தான் வேண்டும்.

அந்த ஜியோஜீப்ராவின் கதையையும் தோழர்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஆஸ்திரியாவில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் என்ற மாணவர் 2001-இல் தம் படிப்புக்காகச் செய்த வேலை அது. உலகம் முழுவதும் வாத்தியார்கள் சம்பளமில்லாமல் பாடங்கள் செய்து அதில் சேர்த்தார்கள். நம் பாடப் புஸ்தகத்தின் இணையச் செயல்பாட்டிலும் அது இருக்கிறது. 2021 டிசம்பரில் பைஜூஸ் என்ற கல்வி வியாபாரக் கம்பெனி அதை விலைக்கு வாங்கிவிட்டது! 2024-இல் அந்தக் கம்பெனியே திவால் நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. படிப்புக்காக உபயோகிப்பவர்களுக்கு ஜியோஜீப்ரா இலவசமாகவே தொடர்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆயிரம் பேர் வெட்டிய பொதுக் கிணற்றின் சாவி சந்தையில் கைமாறலாம் என்பதை அந்தச் சம்பவம் காட்டிவிட்டது. பாடங்களை சர்க்கார் தன் கையிலும், பிரதிகளைப் பள்ளிகளின் கையிலும் வைத்திருக்கவேண்டும் என்று நாம் சொல்வது இதனால்தான்.

நம்மவர்களிடமிருந்தே இரண்டு ஆட்சேபனைகள் வருகின்றன. "குச்சி அடுக்கி விளையாடினால் பரீட்சை எழுத முடியுமா? வாய்ப்பாடு சொல்லிக்கொடுங்கள்" என்கிறார்கள் தாய்மார்கள். வாய்ப்பாடு வேண்டும், அதை நாம் தள்ளவில்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று உடனே வாயில் வராத பிள்ளை பெரிய கணக்கில் நடுவழியில் களைத்துவிடும். குச்சியும் வேண்டும், வாய்ப்பாடும் வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபனை நயமானது, அதனால் ஆபத்தானது. "உழைப்பாளிக்குக் கைக் கணக்கே போதும், அதுவே உயர்ந்தது" என்று புகழ்வது. தேங்காய்ப் பையனின் அடுக்குக் கணக்கு அழகுதான். ஆனால் சம்பளச் சீட்டில் பிராவிடண்ட் பண்டுக்கு 12 சதவீதம் சரியாகப் பிடித்தார்களா, பஞ்சப்படி சரியாகக் கூட்டினார்களா என்று பார்க்க அடுக்குக் கணக்கு எட்டாது. காகிதக் கணக்கு வேண்டும். ஐ.டி.ஐ. சேர, இஞ்சினீரிங் சேர, அதுதான் கதவு. நம்மைக் களத்து மேட்டிலேயே நிறுத்திவைத்துப் பாராட்டுகிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். 1991-இல் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்தபோது கல்லுடைக்கும் பெண்கள் எழுத்தும் கணக்கும் கற்றார்கள், சைக்கிள் கற்றார்கள், குவாரிக் குத்தகையைத் தாங்களே எடுத்து நடத்தினார்கள். அவர்களுக்கு யாரும் கைக் கணக்கே போதும் என்று சொல்லவில்லை.

பள்ளிக்கூடங்களில் இந்த முறை இல்லவே இல்லை என்று சொன்னால் அது பொய். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் ஆரம்பித்து, 2007-இல் மாகாணம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது; பாய், தாழ்ந்த கரும்பலகை, அட்டைகள். 2022-இல் எண்ணும் எழுத்தும் என்ற திட்டம் வந்தது. சின்ன வகுப்புகளில் மணியும் குச்சியும் ஓரளவு பிள்ளைகள் கையில் இருக்கின்றன. ஆறாம் வகுப்புக்குப் போனால் சாக்பீஸும் மௌனமும்தான். பிள்ளை விழுவதும் அங்கேதான். பின்னம், எதிர்மறை எண், இயற்கணிதம். 2005-இல் தேசியப் பாடத்திட்டத்துக்காகக் கணிதம் கற்பிப்பதைப் பற்றி ஆராய்ந்த குழு, பிள்ளைகள் கணக்கைக் கண்டு அஞ்சுவதையும் பெரும்பாலோர் தோற்றுப்போவதையும்தான் முதல் பிரச்னையாக வைத்தது. அதற்குத் தலைமை வகித்தவர் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். ராமானுஜம். (கும்பகோணத்து ராமானுஜன் வேறு, அவர் காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டவர்.) இருபது வருஷம் ஆகிவிட்டது. பயம் போயிற்றா?

நாம் போய்ப் பார்த்த ஒரு நடுநிலைப் பள்ளியில் கணித உபகரணப் பெட்டி இருக்கிறது. அழகான பெட்டி. பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்கள். நம் டாப்லெட் ஞாபகம் வந்தது! ஏன் பூட்டியிருக்கிறது என்று தலைமையாசிரியரைக் கேட்டோம். நல்ல மனிதர், ஒளிக்காமல் சொன்னார். ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறிய சாமான்; ஒரு மணி குறைந்தால் ஆடிட்டில் அவர் பதில் சொல்லவேண்டும். பிள்ளைகள் கையில் கொடுத்தால் குறையாமல் இருக்குமா? தவிர, எமிஸ் என்று இணையத்தில் விவரம் ஏற்றுகிற வேலையே வாத்தியாரின் நேரத்தை விழுங்குகிறது. பெட்டியைத் திறந்து, கொடுத்து, எண்ணித் திரும்ப வாங்க ஒரு பீரியட் போய்விடும்.

ஆகவே நம் கோரிக்கைகள் பெரியவையல்ல. உபகரணப் பெட்டியிலுள்ள சில்லறைச் சாமான்களை சாக்பீஸைப் போலத் தேய்ந்து தீரும் பொருள் என்று கணக்கில் எழுத உத்தரவு போடட்டும். ஆறு முதல் பத்து வரை வாரத்தில் இரண்டு பீரியடாவது கையால் செய்யும் கணக்குக்கு ஒதுக்கட்டும். விவரம் ஏற்றும் வேலைக்குத் தனி ஆள் போட்டு வாத்தியாரை வகுப்புக்கு விடட்டும். பாட வீடியோக்களை நெட் இல்லாமல் ஓடும்படி பென் டிரைவில் போட்டு ஊர் நூலகத்துக்கும் படிப்பகத்துக்கும் கொடுக்கட்டும். இவற்றில் எதற்கும் கோடி கோடியாகப் பணம் வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்களும் இருக்கிறார்கள். கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராமல், பீரோவின் சாவியைக் கேளுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்தில் கன அளவு பாடம். நூறு நாள் வேலையில் குழி வெட்டி, நீளம் அகலம் ஆழம் அளந்து கூலி குறைத்தவர்களோடு வழக்காடிய ஓர் அம்மாள் வந்து சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். பிள்ளைகள் காலித் தீப்பெட்டி ஆளுக்குப் பத்துக் கொண்டுவரவேண்டும். வால்டியூபும் தீர்ந்துவிட்டது, சைக்கிள் கடை வைத்திருக்கும் தோழர்கள் பழைய துண்டுகளைத் தூக்கிப் போடாமல் எடுத்து வைக்கவும்.